பாஸைக் கொளுத்திய பெண்களை எங்கே விட்டீர்கள்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி ஒழிந்ததற்கு உண்மையான காரணம் மண்டேலாவின் பெருந்தன்மையா, உலக நாடுகள் போட்ட பொருளாதாரத் தடையா? சாதாரண ஜனங்கள் ஊர்வலம் போய், துப்பாக்கி வைத்திருந்த அரசை ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதானே சரித்திரம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் இரண்டே இரண்டு காரணங்களைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறீர்கள். ஒன்றில் ஒரு தலைவர் இருக்கிறார், இன்னொன்றில் வெளிநாட்டு அரசுகள் இருக்கின்றன. அந்த நாட்டு ஜனங்கள் இரண்டிலும் இல்லை. மூன்றாவதாக அவர்களைக் கொண்டுவந்தபோதும் ‘ஒன்றும் செய்ய முடியவில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். அதனால் நிறவெறியின் முழு வரலாற்றையும் இங்கே அளக்கப் போவதில்லை. ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பெயர் பாஸ், அதாவது கறுப்பர்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு.

1948இல் வெள்ளையரின் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1952இல் ஒரு சட்டம் போட்டார்கள். சட்டத்தின் பெயரிலேயே ‘பாஸ் ஒழிப்பு’ என்ற சொல் இருந்தது. பழைய பாஸ்களை ஒழித்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகத் தடிமனான ஒரு புத்தகத்தைக் கறுப்பர் கையில் திணித்தார்கள். 16 வயது நிரம்பினால் அது கட்டாயம். புகைப்படம், வரி கட்டிய விவரம், எங்கே தங்கலாம், எங்கே வேலை செய்யலாம் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளைக்கார முதலாளி மாதாமாதம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க உரிமை வேண்டும் என்றால், அங்கேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும், அல்லது ஒரே முதலாளியிடம் 10 வருஷம் உழைத்திருக்க வேண்டும், அல்லது சட்டப்படி 15 வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். சுரங்க வேலைக்குப் போன கணவனோடு சேர்ந்து வாழ மனைவிக்கு அனுமதி கிடையாது. பால் வாங்கத் தெருமுனைக்குப் போகிறவர் புத்தகத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டாலும் கைதுதான். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘டொம்பாஸ்’, அதாவது முட்டாள் பாஸ். 1916 முதல் 1984 வரை இந்த வகைச் சட்டங்களில் நடந்த கைதுகளின் எண்ணிக்கை 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல். நிறவெறி என்பது கொள்கையாக இருந்தது பாராளுமன்றத்தில்தான். தெருவில் அது இந்தப் புத்தகமாகத்தான் இருந்தது.

சரி, இதை ஜனங்கள் என்ன செய்தார்கள்?

கதை 1948இல் தொடங்கவில்லை. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்து நகரங்களில் கறுப்பினப் பெண்களும் பாஸ் வைத்திருக்க வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. 1912இல் 5,000 கையெழுத்துகளோடு அரசிடம் மனுக் கொடுத்தார்கள். பலன் இல்லை. 1913இல் புளூம்ஃபான்டைன் நகரத்துப் பெண்கள் ஊர்வலமாகப் போய்ப் பாஸ்களைக் கிழித்துப் போட்டார்கள், ‘சிறையில் போடு’ என்று நின்றார்கள். துணி வெளுத்தும் வீட்டு வேலை செய்தும் பிழைத்தவர்கள் அவர்கள். பின்னால் 1923இல் நாடு முழுவதற்குமான நகர்ப்புறச் சட்டம் வந்தபோது, பாஸ் கட்டாயத்திலிருந்து பெண்களை விட்டுவிட்டார்கள்.

அதே 1913இல்தான் தில்லையாடி வள்ளியம்மை தன் தாயோடு சிறைக்குப் போனார். இந்தியர் மீது விதிக்கப்பட்ட 3 பவுன் வரி, மாகாண எல்லை தாண்டத் தடை, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பு ஆகியவற்றுக்கு எதிரான போராட்டம் அது. நோயோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. அவரை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம், புளூம்ஃபான்டைன் பெண்களைப் படிக்கவில்லை. அன்று இரண்டு போராட்டங்களும் ஒன்றையொன்று கைகோக்கவில்லை என்பதும் உண்மை. காந்தி அங்கே போராடியது இந்தியருக்காகத்தான். தொடக்க காலத்தில் கறுப்பர்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் சில, இன்று படித்தால் மனம் கசக்கும். இதைச் சொல்வதால் வள்ளியம்மையின் தியாகம் குறைந்துவிடாது. ஆனால் மறைத்தால், பின்னாளில் இரு தரப்பும் ஒன்றுசேர எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்பது நமக்குப் புரியாமல் போய்விடும்.

அப்படி நடந்து வந்ததற்கு ஒரு குடும்பத்தையே சாட்சி சொல்லலாம். காந்தியோடு பலமுறை சிறை சென்றவர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்த்ரெஸ் ராபன் தீவுச் சிறையில் 10 வருஷம் இருந்தார். பேத்தி சாந்தியை 1969இல் பிடித்து, மண்டேலாவின் மனைவி வின்னிக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். 371 நாள் சிறையில் வைத்தும் அந்தச் சாட்சியை அவர் சொல்லவில்லை. தாத்தா இந்தியருக்காகப் போன சிறைக்கு, பேரப்பிள்ளைகள் எல்லோருக்காகவும் போனார்கள்.

மறுபடி பாஸுக்கு வருகிறேன். 1956இல் பெண்களுக்கும் புத்தகம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதிகாரிகள் பெரிய நகரங்களை விட்டுவிட்டு, எதிர்ப்பு இருக்காது என்று நினைத்த சின்ன ஊர்களில் தொடங்கினார்கள். வின்பர்க் என்ற ஊரில், வாங்கிய புத்தகங்களைப் பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் கொளுத்தினார்கள். அரசு என்ன செய்தது தெரியுமா? புத்தகம் இல்லாத கிழவிகளுக்கு ஓய்வூதியம் கிடையாது என்றது. துப்பாக்கியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு கிழவியின் கஞ்சியில் கை வைப்பதும் அந்த அரசின் ஆயுதம்தான்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 9 அன்று, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு தலைமையகத்தின் முன் கூடினார்கள். பலர் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தார்கள். முன்னால் நின்ற நால்வர்: தையல் தொழிலாளியான லிலியன் எங்கோயி, வெள்ளையரான ஹெலன் ஜோசப், இந்திய வம்சாவளியான ரஹீமா மூசா, கலப்பினத்தவர் என்று அரசு முத்திரை குத்தியிருந்த சோஃபியா வில்லியம்ஸ். எந்த நான்கு கூறுகளாக மக்களைப் பிரித்து வைத்தார்களோ, அந்த நான்கிலிருந்தும் ஒருவர். பிரதமர் ஸ்ட்ரைடம் அவர்களைச் சந்திக்கவில்லை. மனுக்கட்டுகளை வாசலில் வைத்துவிட்டு அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார்கள். பிறகு பாடினார்கள். ‘பெண்களைத் தொட்டாய், பாறையைத் தொட்டாய்’ என்று அந்த வரியை வழக்கமாக மொழிபெயர்க்கிறார்கள். மூலத்தில் இருக்கும் ‘இம்போகோடோ’ என்ற சொல் அரைக்கிற கல்லையும் குறிக்கும். நமக்கு அது அம்மிக் குழவி. எனக்கு அந்த மொழிபெயர்ப்புதான் பிடிக்கிறது.

மனுவை அரசு குப்பையில் போட்டது என்பீர்கள். போட்டதுதான். ஆனால் 1952 சட்டத்தைப் பெண்கள் எல்லோர்மீதும் கட்டாயமாக்க அந்த அரசுக்கு 1963 வரை ஆயிற்று. பதினோரு வருஷம் இழுத்தடித்தவர்கள் யார்?

1960 மார்ச் 21. ராபர்ட் சொபுக்வே தலைமையிலான பான் ஆப்பிரிக்க காங்கிரஸ், ‘பாஸை வீட்டில் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள், கைது செய்யச் சொல்லுங்கள்’ என்று அழைத்தது. கறுப்பர் குடியிருப்பான ஷார்ப்வில்லில் கூடிய கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டது. அதிகாரபூர்வக் கணக்கில் 69 பேர் இறந்தார்கள். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில். அடுத்த வாரம் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுதுலி தன் பாஸை எரித்தார், மண்டேலாவும் எரித்தார். 23 வயது ஃபிலிப் கொசானா கேப் டவுனுக்குள் சுமார் 30,000 பேரை அமைதியாக அழைத்து வந்தார். ‘கூட்டத்தைக் கலைத்தால் அமைச்சர் சந்திப்பார்’ என்றார்கள். நம்பிக் கலைத்தார். மாலை சந்திப்புக்கு வந்தவரைக் கைது செய்தார்கள். பாஸ் கைதுகளைச் சில நாள் நிறுத்தி வைத்த அரசு, நெருக்கடி நிலையை அறிவித்து, கட்சிகளைத் தடை செய்து, பாஸை மறுபடி கொண்டுவந்தது. இங்கே ஜனங்கள் தோற்றார்கள். இதை நான் மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் தோற்ற பிறகும் அவர்கள் நடப்பதை நிறுத்தவில்லை. கூலிக்காகவும் கணவனோடு குடும்பம் நடத்துவதற்காகவும் பாஸ் இல்லாமலே நகரங்களுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கேப் டவுன் அருகே 1975இல் குரோஸ்ரோட்ஸ் என்ற குடிசைப் பகுதி முளைத்தது. அங்கிருந்த பெண்களில் பெரும்பாலோர் அரசின் கணக்கில் ‘சட்டவிரோதம்’. இரவுச் சோதனை, கைது, அபராதம் எல்லாம் வந்தன. குழுவாகச் சேர்ந்து நின்றார்கள். 1979இல் அந்தக் குடியிருப்பை இடிக்கும் திட்டத்தை அரசு நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. மேடையும் மைக்கும் இல்லாத இந்தப் போராட்டத்தை வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1984 செப்டம்பரில் வாடகை உயர்வுக்கு எதிராக வால் ஆற்றுப் பகுதியில் எழுச்சி வெடித்தது. அது பரவிய ஊர்களில் ஷார்ப்வில்லும் ஒன்று. அந்த எழுச்சியில் கொலைகளும் நடந்தன. நாடு முழுவதும் கொந்தளித்த பிறகுதான், 1985இல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த கடனைப் புதுப்பிக்க மறுத்தது. 1986 ஜூலையில் பாஸ் சட்டங்கள் நீக்கப்பட்டன. அமெரிக்கப் பாராளுமன்றம், அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறித் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது அந்த வருஷம் அக்டோபரில். பாஸ் செத்து மூன்று மாதம் கழித்து.

தடைகளை நான் சிறுமைப்படுத்தவில்லை. 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்த முதல் நாடு இந்தியா. அதுவும் டர்பனில் இந்தியர்கள், தங்கள் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்தை மீறிச் சிறைக்குப் போன அதே சமயத்தில் நடந்தது. அங்கே உள்ளவர்கள் எழுந்து நின்றதால்தான் வெளியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டேலாவின் பெருந்தன்மையும் உண்மைதான். 1990க்குப் பிறகு அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் பாஸ் சட்டம் நீக்கப்பட்ட அன்று அவர் போல்ஸ்மூர் சிறையில் இருந்தார். அவர் மன்னிக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்னால், மன்னிப்புக் கேட்க வேண்டிய நிலைக்கு அந்த அரசை யாரோ கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும் அல்லவா?

அது யார் என்று மண்டேலாவுக்குத் தெரிந்திருந்தது. புதிய அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட 1996 டிசம்பர் 10 அன்று, தலைநகரத்தை விட்டுவிட்டு, ஷார்ப்வில்லுக்குப் போனார்.