கண்ணாடி இறக்கை: எது கிரேட்டா, எது நம்மூர்ப் பூச்சி?

வணக்கம். வீட்டு இட்லிப்பூச் செடியில் கண்ணாடி மாதிரி இறக்கை உள்ள பூச்சி ஒன்று அந்தரத்தில் நின்றபடி தேன் குடித்தது. இணையத்தில் தேடினால் ‘கிரேட்டா ஓட்டோ’ என்ற வண்ணத்துப்பூச்சி வருகிறது. முதன்முறை பறக்கும்போது செதில் உதிர்ந்து இறக்கை தெளிவாகிவிடுமாமே, உண்மையா?
– வாசகர், பொள்ளாச்சி

அன்புள்ள நண்பருக்கு,

‘அந்தரத்தில் நின்றபடி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. கிரேட்டா பூவில் உட்கார்ந்துதான் குடிக்கும். தவிர, அந்தப் பேரினம் அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது, இந்தியாவில் கிடையாது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் செஃபோனோடெஸ் ஹைலாஸ் என்ற பகலில் பறக்கும் அந்துப்பூச்சி. பச்சை சாயலில் தடித்த உடம்பு, வால் நுனியில் கறுப்பு மயிர்க்குச்சம் இருந்ததா என்று பாருங்கள்.

செதில் உதிரும் கதை இதற்குத்தான் பொருந்தும். கூட்டை விட்டு வரும்போது இறக்கை சாம்பல் பூசியதுபோல் இருக்கும். முதல் படபடப்பிலேயே தூள் பறந்துவிடும்.

கிரேட்டா ஓட்டோவில் எதுவும் உதிர்வதில்லை. கூட்டுப்புழுவுக்குள் இறக்கை உருவாகும்போதே தெளிந்த பகுதியில் செதில் குறைவாகத்தான் முளைக்கிறது. அதுவும் மயிர்போலவும் கவைபோலவும் மெலிந்து. இடையில் வெறும் கைட்டின் (பூச்சிகளின் மேலோடு ஆன பொருள்) சவ்வு. ஆனால் வெறும் சவ்வு கண்ணாடிபோல் வெயிலில் பளிச்சிடும், பறவை பார்த்துவிடும். அதற்கு மருந்து சவ்வின்மேல் நிற்கும் நுண்தூண்கள். இவற்றை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2015இல் அளந்தார்கள்: உயரம் சுமார் 400 முதல் 600 நானோமீட்டர், ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல். அந்த ஒழுங்கின்மைதான் சூட்சுமம். சாய்ந்து விழும் ஒளியும் பெரிதாகத் திரும்புவதில்லை. தூண்களில் மெழுகு இருப்பதை 2021இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. ஹெக்சேன் என்ற கரைப்பானில் மெழுகைக் கரைத்தபோது பிரதிபலிப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கானது.

கிரேட்டாவின் நஞ்சு, அதன் புழு தின்னும் செஸ்ட்ரம் (நம்மூர் இரவு ராணியின் பேரினம்) இலையிலிருந்து வருவதாகப் பலர் எழுதுகிறார்கள். நம்பாதீர்கள். ஆண் பூச்சிகள் வளர்ந்தபின் சூரியகாந்திக் குடும்பச் செடிகளில் உறிஞ்சும் ஆல்கலாய்டு என்ற நச்சு வேதிப்பொருள்தான் அது. நம்மூர் நீல வரியன் வண்ணத்துப்பூச்சி கிலுகிலுப்பைச் செடியை மொய்ப்பதும் இதே சரக்குக்காகத்தான். எப்படியும் கிரேட்டா இந்தியாவில் இல்லை, இரவு ராணி நட்டு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

செதில் உதிர்வதைப் பார்க்க ஆசையென்றால் காபி, கார்டீனியா இலைகளில் பின்பக்கம் கொம்புள்ள புழுவைத் தேடுங்கள். டப்பாவில் ஐந்து செ.மீ. பொலபொலப்பான ஈரமண், தினமும் அதே செடியின் புது இலை. தண்ணீர் தேங்கினால் கூட்டுப்புழு அழுகும். சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள்; வெளிவரும் பூச்சிக்கு ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை விரியாமல் சுருங்கியே காய்ந்துவிடும்.