சாய்ஸ் ஃபில்லிங்: எதற்கு யோசிக்க வேண்டும், எதற்கு வேண்டாம்

அம்மா, உங்கள் மகளின் கட்-ஆஃப் (200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்) 178 என்றும், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங் (விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசைப்படுத்திப் பதிவது) தொடங்கி ஒரு நாள் போய்விட்டது, இன்னும் ஒரு கல்லூரிகூடப் பட்டியலில் ஏறவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார், மாமா ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) என்கிறார், பிள்ளை பேசுவதையே குறைத்துவிட்டாள். ஜூலை மாதத்தில் பல வீடுகளில் இதே கதைதான்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ரேங்க்படி உங்கள் மகளின் முறை வரும்போது, கணினி அவள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக இருக்கும் முதல் சாய்ஸைக் கொடுத்துவிடும். கிண்டி பொறியியல் கல்லூரியை மேலே எழுதியதால் கீழே உள்ள கல்லூரி பறிபோகாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம்; லாக் செய்யும்வரை, அதாவது பட்டியலை இறுதி செய்யும்வரை, மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆகவே மேல் வரிசைக்கு "கிடைக்குமா?" என்ற கேள்வியே வேண்டாம். "பிடிக்குமா?" என்பது மட்டும் போதும். கடந்த ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்த கட்-ஆஃபை உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் பார்த்து, 178-க்கு நன்றாகக் கீழே முடிந்த கல்லூரிகளையும் கடைசியில் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பாடப்பிரிவு முக்கியமா, கல்லூரி முக்கியமா? அதற்கு ஒரு மாலை நேரம் கொடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைத் திறந்து மகளிடம் கொடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் இருக்கும், ஈசிஇயில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் இருக்கும். எதைப் படிக்கும்போது அவள் மேற்கொண்டு கேள்வி கேட்கிறாள் என்று பாருங்கள். மாமா சொல்லும் 'ஸ்கோப்'பைவிட அது நம்பத்தகுந்தது.

அப்புறம் வேகம்தான். இரண்டிரண்டு சாய்ஸாக எடுத்து, "இந்த இரண்டும் கையில் கிடைத்தால் எதில் சேருவாய்?" என்று மகளை மட்டும் கேளுங்கள். உடனே சொன்னால் அதை மேலே போடுங்கள். பதில் வராவிட்டால் அவளுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று அர்த்தம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை மேலே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சமமான இரண்டுக்காக ராத்திரி பன்னிரண்டு மணிவரை வாட்ஸ்அப் குழுவில் கருத்துக் கேட்பதில் பலன் எதுவும் இல்லை. பத்துப் பேரைக் கேட்டால் பதினோரு பதில் வரும்.

நிதானம் வேண்டிய இடங்கள் வேறு. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய உண்டு. பெயரை நம்பாமல் கல்லூரியின் கோடு எண்ணைச் சரிபாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும், அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்கும் காத்திருக்கும் 'அப்வேர்ட்' வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள இடம் வந்ததும் பழைய இடம் ரத்தாகிவிடும். "அது வேண்டாம், பழையதே போதும்" என்று திரும்ப முடியாது.

அதனால் லாக் செய்யுமுன் மகளை ஒருமுறை பட்டியலை மேலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரியின் பெயரில் அவள் முகம் சுளிக்கிறாளோ, அதை அங்கேயே கீழே இறக்கிவிடுங்கள்.