தத்துவ முதுகலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தத்துவத்தை முதுகலை நிலையில் படிப்பது பற்றி வந்த கடிதங்களில் ஆறினை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், சுருக்கமாகக் கேட்டவரின் கடிதத்தையே வைத்திருக்கிறேன்.

நான் இயந்திரப் பொறியியல் படித்து நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இளங்கலையில் தத்துவம் படிக்காத எனக்கு முதுகலையில் இடம் கிடைக்குமா? கிடைத்தாலும் தாக்குப்பிடிக்க முடியுமா?

இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வேறு துறைப் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கென்றே முதல் பருவத்தில் அடிப்படைப் பாடங்களை வைக்கும் துறைகள் இருக்கின்றன. முன்தகுதியில் கறாராக இருக்கும் துறைகளும் இருக்கின்றன. விண்ணப்பத்தோடு மாதிரிக் கட்டுரை கேட்கும் இடங்களில், ‘வாழ்வின் பொருள்’ என்று இருபது பக்கம் எழுதி அனுப்புகிறவரைவிட, ஒரே ஒரு வாதத்தை எடுத்து அதன் எந்தப் படி இடறுகிறது என்று ஐந்து பக்கத்தில் காட்டுகிறவருக்கே மதிப்பு அதிகம். பொறியியலிலிருந்து வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரிய தத்துவவாதிகளில் ஒருவரான விட்கென்ஸ்டைன் 1908-இல் மான்செஸ்டருக்குப் போனது விமானவியல் ஆய்வுக்காக. கணிதத்தின் அடித்தளம் பற்றிய கேள்விகள் அவரை இழுத்துக்கொண்டு போய் 1911-இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலிடம் சேர்த்தன.

தாக்குப்பிடிப்பதைப் பொறுத்தவரை, வாதங்களைக் கணிதம்போல் குறிகளால் எழுதிச் சோதிக்கும் குறியீட்டுத் தருக்கம் உங்களைப் பயமுறுத்தாது. ‘மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது’ என்பதில் உள்ள பிழையை யாரும் பிடித்துவிடுவார்கள், யாரோ தண்ணீர் தெளித்திருக்கலாம். அதே பிழை நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றில், முதல் வரி மூன்றாம் பக்கத்திலும் கடைசி வரி முப்பதாம் பக்கத்திலுமாகப் பிரிந்து கிடக்கும்போது பிடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். உங்களுக்குச் சிரமம் வரப்போவது வாசிப்பில். முடிவு என்ன என்று தேடிக் கடைசிப் பக்கத்துக்குத் தாவும் பழக்கம் தொழிலில் உங்களுக்கு உதவியிருக்கும். இங்கே அது காலை வாரிவிடும்.

வகுப்பில் உண்மையில் என்னதான் நடக்கும்? கடவுள் உண்டா, உலகம் மாயையா என்று விவாதித்துக்கொண்டே இருப்பீர்களா?

பெரும்பாலும் சில பக்கங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வதே நல்லது. எட்மண்ட் கெட்டியர் 1963-இல் வெளியிட்ட கட்டுரை அச்சில் மூன்றே பக்கம். நியாயமான ஆதாரத்தோடு நம்பப்படுகிற, உண்மையாகவும் இருக்கிற ஒன்றை அறிவு என்று சொல்லிவிடலாமா என்பது அதன் கேள்வி. ஸ்மித், ஜோன்ஸ் என்ற இருவர் ஒரே வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான் என்று நிறுவனத் தலைவரே ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். ஜோன்ஸின் பையில் பத்து நாணயங்கள் இருப்பதையும் ஸ்மித் எண்ணிப் பார்த்திருக்கிறார். ஆகவே, ‘வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்து நாணயங்கள் உள்ளன’ என்று முடிவு செய்கிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. தற்செயலாக அவருடைய பையிலும் பத்து நாணயங்கள் இருந்தன, அது அவருக்கே தெரியாது. அவருடைய முடிவு உண்மை, அதற்கு ஆதாரமும் இருந்தது. ஆனாலும் அவர் அதை அறிந்திருந்தார் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

முதல்முறை படிக்கும்போது இருபது நிமிடம் போதும். அதன்பிறகு இரண்டு வாரம் அதிலேயே கிடப்போம். தலைவரின் வாய்ச்சொல் போதிய ஆதாரமா, பொய்யான ஒன்றின் வழியாக வந்த முடிவை நியாயமானது என்று ஏற்கலாமா, குறை ‘ஆதாரம்’ என்ற சொல்லில் இருக்கிறதா ‘அறிவு’ என்ற கருத்திலேயே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரிப்போம். பொய்யான படி எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது ஒருவர் மலர்ந்த முகத்தோடு சொல்வார். அடுத்த வகுப்புக்குள் அந்த நிபந்தனையையும் தாண்டிவிடும் கதையோடு இன்னொருவர் வருவார்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி, எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எழுதிக்காட்டுவது. தமிழில் தத்துவம் வாசித்தவர்களுக்கு இது புதிதாக இராது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் சுபக்கத்துக்கு (தம் தரப்பு) முன்னால் பரபக்கத்தை (பிறர் தரப்பு) வைத்து, காண்பதை மட்டுமே நம்பும் உலகாயதனில் தொடங்கிப் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுத்த பிறகே தம் கொள்கையை நிறுவுகிறார். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் ஒரு படி மேலே போய், 1641-இல் ‘தியானங்கள்’ என்ற தம் நூலை அச்சிடுவதற்கு முன்பே கைப்படியைப் பிறருக்குச் சுற்றுக்கு விட்டு, அவர்கள் எழுப்பிய ஆறு தொகுதி மறுப்புகளையும் தம் பதில்களையும் அதே நூலில் சேர்த்துவிட்டார். மூலத்தைவிட மறுப்பும் பதிலும் பல மடங்கு நீளம். நிறுவ வேண்டியதையே ஆதாரமாகக் கொண்டு அவருடைய வாதம் வட்டமடிக்கிறது என்று சுட்டிக்காட்டிய, மறுப்பாளர்களில் ஒருவரான ஆர்னோவுக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை என்பதை மாணவர்களிடம் சொல்லத் தவறுவதில்லை. சொன்ன நாளில் வகுப்பில் கைகள் சற்று அதிகமாகவே உயரும்.

மாணவர் கட்டுரைகளில் நான் ஓரத்தில் அடிக்கடி எழுதும் குறிப்பு, ‘இதை அவர் எங்கே சொன்னார்?’ என்பதே. மறுப்பதற்கு வசதியாக எதிராளியைப் பலவீனமாக்கி எழுதுவது நம் எல்லாருக்கும் கைவந்த கலை.

தமிழ்வழியில் படித்தவள் நான். படிக்க வேண்டிய நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில், மூலம் ஜெர்மனிலோ கிரேக்கத்திலோ. தமிழில் சிந்திப்பது எனக்குத் தடையாகுமா?

தடை உண்டு, அதைவிடப் பெரிய வசதியும் உண்டு. என் கதையைச் சொல்கிறேன். ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் தூய அறிவாராய்ச்சி நூலை முதன்முதலில் ஆங்கிலத்தில் வாசித்தபோது, ‘இன்ட்யூஷன்’ என்ற சொல்லுக்கு அகராதி காட்டிய ‘உள்ளுணர்வு’ என்ற பொருளையே மனத்தில் வைத்து மூன்று வாரம் முட்டிமோதினேன். காண்ட் அங்கே பேசுவது, பொருள் நமக்கு நேராகக் கிடைப்பதைப் பற்றி. மனிதர்களுக்கு அது புலன் வழியாக மட்டுமே கிடைக்கும் என்பது அவர் கொள்கை. தமிழில் ‘காட்சி’ என்று வைத்துப் பார்த்ததும் பக்கங்கள் திறந்துகொண்டன. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை, அதாவது அறிவு பெறும் வழிகளை, பிரித்துப் பேசிய மொழியில் அந்தச் சொல் தயாராகக் காத்திருந்தது, நான்தான் தேடவில்லை.

ஆகவே வாதங்களை நீங்களே தமிழில் எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் தமிழ் வாக்கியம் முடிய மறுக்கிறதோ, அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள். சில சமயம் அந்த வாக்கியமே புதிய கேள்வியைத் தரும். ‘எனக்கு நீந்தத் தெரியும்’, ‘எனக்கு அவரைத் தெரியும்’, ‘பூமி சுற்றுகிறது என்று எனக்குத் தெரியும்’ என்று மூன்றுக்கும் நாம் ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறோம். ஆளைத் தெரிவதற்கும் செய்தி தெரிவதற்கும் ஜெர்மன் மொழியில் வெவ்வேறு வினைகள் உள்ளன. செய்யத் தெரிவதும் இன்னது என்று தெரிவதும் ஒன்றல்ல என்று 1949-இல் ஆங்கிலத் தத்துவவாதி கில்பர்ட் ரைல் ஓர் அத்தியாயமே எழுதினார். அதோடு, ‘நான் அறிவேன்’ என்பதில் நான் எழுவாய். ‘எனக்குத் தெரியும்’ என்பதில் அறிவு என்னிடம் வந்து சேர்வதுபோல் நான்காம் வேற்றுமை நிற்கிறது. இலக்கணத்திலிருந்து நேரே தத்துவத்துக்குத் தாவிவிடக் கூடாதுதான். எனினும் இதைக் கவனிக்கும் வாய்ப்பு ஆங்கிலத்தில் மட்டும் சிந்திக்கிறவருக்கு எளிதில் அமையாது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மூலப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காண்ட்டுக்கு 1781, 1787 ஆகிய இரு பதிப்புகளின் பக்கங்களும் ஏ, பி என்று வரும். பிளேட்டோவுக்கு 1578-ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்கள்தாம் இன்றும் வழக்கில் உள்ளன.

என் மகள் தத்துவ முதுகலையில் சேரப்போவதாகச் சொல்கிறாள். வேலை கிடைக்குமா என்று கேட்டால் சிரிக்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.

அவள் சிரித்திருக்க வேண்டியதில்லை, அம்மா. உங்கள் கேள்வி நியாயமானது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி வேண்டுமென்றால் பெரும்பாலும் முனைவர் பட்டமும் தேவை. அதைப் பெற்ற பிறகும் தற்காலிகப் பணிகளில் ஆண்டுகள் கழிவது பல நாடுகளில் சாதாரணமாகிவிட்டது. முதுகலைப் பட்டம் மட்டும் எந்தத் தொழிலுக்கும் நேரடிக் கதவு இல்லை. இதழியல், சட்டம், பதிப்பு, அரசுப் பணி என்று போகிறவர்கள் அந்தந்தத் துறைக்கான தகுதியையும் தனியாகத் தேடிக்கொள்கிறார்கள். மகளிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கடன் வாங்கிப் படிக்கப்போகிறாயா? முனைவர் ஆய்வுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்? இரண்டாவதற்கு அவளிடம் தெளிவான பதில் இருந்தால், மனநிறைவோடு அனுப்பிவையுங்கள்.

தத்துவம் படித்தால் மன அமைதி கிடைக்குமா?

முதுகலை வகுப்பில் கிடைக்காது. அமைதியைப் பற்றிப் பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவப் பள்ளியினரான ஸ்டோயிக்குகள் சொன்னது சரிதானா என்று அங்கே ஆராய்வோம். அந்தத் தேர்வுக்கு முந்தின இரவு எந்த மாணவர் முகத்திலும் நான் அமைதியைக் கண்டதில்லை.

பணி ஓய்வு பெற்ற எனக்கு வயது 61. இந்த வயதில் சேரலாமா?

சேரலாம். காண்ட்டின் முதன்மை நூல் வெளிவந்தபோது அவருக்கு 57 வயது என்று சொல்லி உங்களை ஊக்கப்படுத்தலாம். ஆனால் அவர் அதற்கு முன்பே பல ஆண்டுகளாகத் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார், ஆகவே ஒப்பீடு பொருந்தாது. வயதில் மூத்த மாணவர்கள் அறவியல் வகுப்பில் இளையவர்களுக்கு இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய விவாதத்தில், தம் தந்தைக்காகப் படிவத்தில் கையெழுத்திட்டவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். இடறும் இடமும் அதுவே: ‘என் நாற்பதாண்டு அனுபவத்தில்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்குப் பின்னால் பல நேரங்களில் வாதம் வருவதில்லை. மாதிரிக் கட்டுரையை எழுதி முடித்ததும் ‘அனுபவம்’ என்ற சொல் அதில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மூன்றைத் தாண்டினால், அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை எழுதுங்கள்.