பெயிண்ட் வாளித் தக்காளி: அடி ஏன் கறுக்கிறது?

கேள்வி: மொட்டைமாடியில் காலி பெயிண்ட் வாளிகளிலும் அரிசிச் சாக்குகளிலும் தக்காளி, கீரை வைத்திருக்கிறேன். காய்கறித் தோல், முட்டை ஓடு எல்லாவற்றையும் அப்படியே செடியடியில் போடுகிறேன். ஊற்றுவது ஆர்.ஓ. குடிநீர்க் கருவியின் கழிவுநீர். தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுகிறது, சின்ன ஈக்கள் மொய்க்கின்றன, சாக்கும் கிழிகிறது. அதிகச் செலவில்லாமல் சரிசெய்ய முடியுமா? (வாசகி, மதுரை)

பதில்: முடியும். முதலில் ஆர்.ஓ. கழிவுநீரை நிறுத்துங்கள். அதில் உப்பு செறிந்திருக்கும். தரையில் ஊற்றினால் மழையில் ஓரளவு கரைந்து போகும்; வாளிக்குள் உப்பு தங்கிவிடும், இலை நுனி கருகும். அந்தத் தண்ணீரை மாடி கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு அரிசி களைந்த நீர், பருப்பு கழுவிய நீர், ஏசியிலிருந்து சொட்டும் நீர் போதும். உப்புப் போட்டு வேகவைத்த நீர் மட்டும் வேண்டாம்.

காயின் அடி கறுப்பது நோயல்ல, காய்க்குக் கால்சியம் பற்றாக்குறை. உடனே "முட்டை ஓடுதான் போடுகிறேனே" என்பீர்கள். முழு ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும். இந்தக் காய்ப்புக்கு அது உதவாது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும், செடியால்தான் எடுக்க முடியாது. ஒருநாள் வாளி காய்ந்து, மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் இப்படித்தான் ஆகும். உப்பு நீரும் இதை மோசமாக்கும். தினமும் காலையில் ஒரே அளவாக ஊற்றுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பினால் ஈரம் நிற்கும். கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறாது. முட்டை ஓடுகளைக் காயவைத்து மிக்சியில் தூளாக்கி, அடுத்த முறை மண் கலக்கும்போது சேருங்கள்.

வாளியின் அடியில் மட்டும் துளையிட்டால் தரையோடு ஒட்டி அடைபடும். அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில் பென்சில் பருமனில் நாலைந்து துளைகள் போட்டு, வாளியை உடைந்த செங்கல் மேல் வையுங்கள். சுவர் பெயிண்ட் வாளியென்றால் உள்ளே ஒட்டியதை உரித்துக் கழுவியபின் பயன்படுத்தலாம். பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில் இருந்த கேன் இலவசமாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

அரிசிச் சாக்கு வெயிலில் பொடிந்துபோகும். அதன் வாயை வெளிப்பக்கமாகப் பாதிவரை மடித்துவிட்டால் சுவர் இரட்டையாகும், கொஞ்சநாள் கூடத் தாங்கும். கீரைக்கு அரையடி ஆழம் போதும் என்பதால் சாக்கைக் கீரைக்கும், வாளியைத் தக்காளிக்கும் ஒதுக்குங்கள்.

நான் செலவு செய்யச் சொல்வது மண் கலவைக்கு மட்டும்தான். வெறும் தோட்டமண் வாளியில் இறுகும், மாடிக்கும் பாரம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தடவை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

ஈக்களுக்குக் காரணம் பச்சைத் தோல். பக்கமெல்லாம் துளையிட்ட பழைய வாளியில் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலையோ கிழித்த செய்தித்தாளோ போட்டு மூடி, வாரம் இருமுறை கிளறுங்கள். சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன் கழிவு கூடாது. நாற்றமடித்தால் ஈரம் அதிகம், இன்னும் இலை போடுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் மண்வாசனையோடு எரு வந்துவிடும்.

நாற்று வளர்க்கக் காலி பால் பாக்கெட்டே போதும்; மூலையை வெட்டி நீர் வடிய வழி விடுங்கள். வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுத்து விதைக்கலாம். கொத்தமல்லியை மட்டும் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து போடுங்கள்.