கடல்தண்ணி மீன் டேங்க்ல பிரவுன் பாசி: தண்ணி மாத்த மாத்த ஏன் கூடுது?

மலைநாட்டுல ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 150 லீட்டர் கடல்தண்ணி டேங்க், போட்டு ஒன்றரை மாசம் ஆகுது, ரெண்டு க்ளவுன் மீன், ஒரு டாம்சல், கொஞ்சம் லைவ் ரொக் (நல்ல பக்டீரியா குடியிருக்கிற கடல் கல்லு). மண்ணு மேலயும் கண்ணாடியிலயும் டஸ்ட் தேயிலை தூவின மாதிரி பிரவுன் கலர்ல படியுதாம், துடைச்சு விட்டா ரெண்டே நாள்ல திரும்ப வந்துருதாம். வாரத்துக்கு ரெண்டு தடவ 30 லீட்டர் தண்ணி மாத்துறாரு, எல்லாம் மேல மலையில இருந்து வர்ற பைப் தண்ணி, குளோரின எடுக்கிற மருந்து போட்டு உப்பு கலக்கிதான் ஊத்துறாரு. டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில எவ்வளவு கரைஞ்சிருக்குனு காட்டுறது) வச்சுப் பாத்தா 40தான் காட்டுது, அதனால தண்ணி மேல அவருக்கு சந்தேகமே இல்ல. பாசி மருந்து ஊத்தலாமா, இல்ல பாசி திங்கிற பிளெக்கோ மீன் ஒன்னு வாங்கி விடலாமா, இதுதான் கேள்வி.

ரெண்டுமே வேணாம் தம்பி. பிளெக்கோ நல்லதண்ணி மீன், உப்புல போட்டா செத்துரும். கடையில விக்கிற பாசி மருந்துல நிறைய கொப்பர் சேர்ந்தது, மீன் தாங்கினாலும் நத்தை, இறால், பவளம் ஒன்னும் மிஞ்சாது, அந்த கொப்பர் கல்லுலயும் மண்ணுலயும் ஊறி ரொம்ப நாளைக்கு கிடக்கும். நீங்க முதல்ல செய்ய வேண்டியது அந்த பைப் தண்ணிய ஊத்தி மாத்துறத நிப்பாட்டுறது. இந்தப் பாசிக்கு சாப்பாடு போடுறதே அந்தத் தண்ணிதான்னு எனக்குப் படுது.

ஆனா அதுக்கு முந்தி அது என்னனு உறுதி பண்ணிக்கோங்க, ஏன்னா பிரவுனா இருக்கிறதெல்லாம் ஒன்னு இல்ல. நீங்க சொல்றது டயட்டமா (கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் பாசி) இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், புது டேங்க்ல முதல் ரெண்டு மூனு மாசத்துக்குள்ள இது வராட்டித்தான் ஆச்சரியம். தூசி மாதிரி படியும், விரல் வச்சா உடனே கழண்டு புகையா பறக்கும். சயனோன்னா (சயனோபக்டீரியா) ஆடை மாதிரி ஒரே விரிப்பா இருக்கும், ஓரத்தப் புடிச்சு இழுத்தா துண்டு துண்டா உரிஞ்சு வரும், கலர் கொஞ்சம் சிவப்பு ஊதா பக்கம் போகும். மூனாவது டைனோ (டைனோபிளாஜலேட், இதுவும் ஒரு செல் ஜீவன்தான்), அதுதான் தலைவலி. சளி மாதிரி நூல் நூலா தொங்கும், நூல் நுனியில காத்துக் குமிழி ஒட்டியிருக்கும், ராத்திரி லைட் அணைச்சா காலையில பாதி காணாமப் போயிருக்கும், லைட் போட்டு மத்தியானம் ஆகுறப்ப பழையபடி நிக்கும், அதத் தின்ன நத்தைங்க ஒவ்வொன்னா சாகவும் செய்யும்.

சந்தேகம்னா ஒரு சின்ன போத்தல்ல கொஞ்சம் அள்ளி டேங்க் தண்ணியோட நல்லா குலுக்கி, டிஷ்யூ பேப்பர்ல வடிச்சு, வடிஞ்ச தண்ணிய ஒரு மணித்தியாலம் லைட்டுக்குக் கீழ வைங்க. திரும்ப ஒன்னு சேர்ந்து நூலா திரண்டா டைனோ. திரளாம சும்மா கிடந்தா அனேகமா டயட்டம். பக்கத்து ஸ்கூல்ல சயன்ஸ் டீச்சர் யாராவது பழக்கமா இருந்தா இன்னும் லேசு, 400 மடங்கு மைக்ரோஸ்கோப்ல ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. படகு மாதிரி, குச்சி மாதிரி தங்கக் கலர்ல சின்னச் சின்ன பெட்டிங்க அசையாம கிடக்கும், சிலது மெதுவா வழுக்கிட்டுப் போகும், அது டயட்டம். ஒரே இடத்துல நின்னு பம்பரமா சுத்துச்சுன்னா டைனோ.

டயட்டம் தன்னோட ஓட்ட சிலிக்காவுல கட்டுது, கண்ணாடி செய்ற அதே சரக்கு. சிலிக்கா இல்லாட்டி அதுக்கு ஓடு இல்ல, ஓடு இல்லாட்டி பெருக முடியாது. (கெட்ட ஜீவன்னு நினைச்சிராதீங்க, உலகத்துல நடக்குற ஒளித்தொகுப்புல கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு இதுங்க செய்றதுதான்.) வெப்பக் கடல்ல மேல்தண்ணியில கரைஞ்ச சிலிக்கா ரொம்ப ரொம்பக் கம்மி. நம்ம மலைநாட்டுத் தண்ணி அப்படி இல்ல, நைஸ், சார்னொக்கைட், குவார்ட்சைட்னு பழைய பாறைங்க மழையில ஊறி ஊறி மக்கி வர்ற தண்ணி, சிலிக்கா கரைஞ்சுதான் வரும். பீலியில (மலை ஊத்துல) வந்தாலும் சரி பைப்புல வந்தாலும் சரி.

அப்ப டிடிஎஸ் 40தானே காட்டுதுனு கேப்பீங்க. அங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. அந்த மீட்டர் தண்ணியில கரண்ட் எவ்வளவு பாயுதுனுதான் பாக்குது, உப்பு சுண்ணாம்பு இருந்தா பாயும், காட்டும். கரைஞ்ச சிலிக்கா சாதாரணத் தண்ணியில சார்ஜ் இல்லாம கிடக்குறதால மீட்டருக்கு அது இருக்கிறதே தெரியாது. சுண்ணாம்பு கம்மியா இருக்கிற நம்ம ஊர்த் தண்ணி மீட்டர்ல நல்ல பேர் வாங்கும், டயட்டத்துக்கு மட்டும் விருந்து வைக்கும். கொதிக்க வச்சாலும், கேண்டில் பில்டர்ல விட்டாலும், குளோரின எடுக்கிற மருந்து போட்டாலும் சிலிக்கா போகாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு உங்க பைப் தண்ணியில லீட்டருக்கு 15 மில்லிகிராம் சிலிக்கானு வைப்போம். வாரத்துக்கு 60 லீட்டர் மாத்துனா 900 மில்லிகிராம் உள்ள போகுது. அது போக தினமும் குறையுற தண்ணிக்கு மேல ஊத்துறது இருக்கு பாருங்க, அத யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. மிஸ்ட் மூடிக் கிடக்குற ஊர்ல தண்ணி எப்படி ஆவியாகும்னு தோணும், ஆனா ஹீட்டர் போட்டு டேங்க 26 டிகிரியில வச்சிருக்கீங்க, ராத்திரி ரூம் 15க்கு இறங்குது, அந்த வித்தியாசத்துல கொழும்புல ஆவியாகுறத விட நம்ம பக்கம்தான் கூட ஆவியாகும், டேங்குக்குப் பின்னால சுவர் நனைஞ்சு கிடக்குறது அதனாலதான். போற ஆவி தனித் தண்ணியா போகுது, சிலிக்கா உள்ளயே தங்கிருது, நீங்க மேல ஊத்த ஊத்த இன்னும் சேருது. மேல ஒரு கண்ணாடி மூடி, காத்துக்கு கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டாலே ஊத்துற அளவு நல்லா குறையும்.

இப்ப சுத்தம் பண்றதுக்கு ஒரு வழி. புதுத் தண்ணி இல்லாமலே செய்யலாம். சின்ன டியூப் போட்டு மண்ணு மேல இருக்கிற படிவ மட்டும் உறிஞ்சி எடுங்க, கீழ வாளி, வாளி வாயில பழைய வேட்டித் துணி ரெண்டா மடிச்சுக் கட்டியிருக்கணும், சவுக்காரம் படாத துணி. பிரவுன்ல பெரும்பகுதி துணியில நின்னுரும், வடிஞ்ச தண்ணிய அப்படியே திரும்ப டேங்க்ல ஊத்திரலாம். துணியில நின்னதோட அது கட்டி வச்சிருந்த சிலிக்காவும் வெளிய வந்துருது, வெறுமனே துடைச்சு விட்டா செத்து உள்ளயே கரைஞ்சு அடுத்ததுக்கு சாப்பாடாகும். கண்ணாடிக்கு பழைய பேங்க் கார்ட் போதும். மண்ண ஆழமா கிளறாதீங்க, மேல்பூச்சு மட்டும்.

லைட் ஒரு நாளைக்கு 6ல இருந்து 8 மணித்தியாலம் போதும், ஜன்னல் வெயில் விழுந்தா திரை போடுங்க. மீனுக்கு சாப்பாடு கொஞ்சமா. நைட்ரேட் பொஸ்பேட்ட சுத்தமா சைபர் ஆக்கணும்னு மட்டும் வெறி புடிச்சு அலையாதீங்க, ரெண்டும் சைபரான டேங்க்லதான் டைனோ குடியேறும், நைட்ரேட் 5ல இருந்து 10, பொஸ்பேட் 0.03ல இருந்து 0.1 பிபிஎம் இருந்தா சந்தோஷமா விடுங்க. செரித், ட்ரோக்கஸ் நத்தை நாலஞ்சு விட்டா டயட்டத்த நல்லா மேயும், டைனோ இல்லைன்னு உறுதியான பிறகு விடுங்க.

தண்ணிக்கு உண்மையான தீர்வு ஆர்ஓ (பிரஷர்ல மெல்லிய சவ்வு வழியா தண்ணிய வடிக்கிற பில்டர்), அதுக்குப் பின்னால டிஐ ரெசின் (மிச்சம் கரைஞ்சிருக்கிறத புடிக்கிற மணிங்க). ஆர்ஓ மட்டும்னா பெரும்பகுதி சிலிக்கா நிக்கும், கொஞ்சம் தப்பி வரும், அத ரெசின் புடிக்கும். ரெசின் தேஞ்சு வர்றப்ப முதல்ல கை விடுறதும் சிலிக்காவத்தான், அப்பவும் மீட்டர் சைபர்தான் காட்டும், அதனால பிரவுன் திரும்ப தலை காட்டினா மீட்டர நம்பாம ரெசின மாத்துங்க. நம்ம ஊருக்குனு ரெண்டு விஷயம்: ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணி வரும்னு ஆர்ஓ பெட்டியில போட்டிருக்கிற அளவு 25 டிகிரித் தண்ணிக்கு, 15 டிகிரித் தண்ணியில முக்கால்வாசிதான் வரும். அடுத்தது ஆர்ஓவுக்கு வேண்டிய பிரஷர், தண்ணி பத்து மீட்டர் உயரத்துல இருந்து இறங்கினா ஒரு பார் பிரஷர்தான், மேல இருக்கிற தண்ணி டேங்க் உங்க வீட்டுக்கு முப்பது மீட்டர் உசரத்துல இருந்தா சமாளிக்கலாம், இல்லாட்டி பூஸ்டர் பம்ப் வேணும். கழிவாப் போற தண்ணிய தோட்டத்துக்கு விடுங்க.

அவ்வளவு செலவுக்கு இப்ப வழி இல்லைன்னா மழைத்தண்ணி இருக்கு, அதுல சிலிக்கா கிட்டத்தட்ட இல்ல, நம்ம ஊர்ல மழைக்குப் பஞ்சமும் இல்ல. ஆனா தகரக் கூரையில புடிக்காதீங்க, சிங்க் கரைஞ்சு வரும், நத்தை செத்துரும். திறந்த வெளியில பொலித்தீன் விரிச்சு, முதல் கால் மணித்தியால மழைய விட்டுட்டுப் புடிங்க, தேயிலை மலையில மருந்தடிக்கிற வாரம் வேணவே வேணாம்.

கொழும்புப் பக்கம் போறப்ப கேன்ல கடல்தண்ணி எடுத்துட்டு வரலாமானு அடுத்து கேப்பீங்க. மழைக்காலத்துல ஆத்து வாய் பக்கம் எடுக்காதீங்க, சிவனொளிபாதமலைப் பக்கம் இருந்து இறங்குற களனி கங்கைதான் மட்டக்குளியில கடல்ல விழுது, உங்க ஊர் சிலிக்காவையே காசு குடுத்து திரும்ப ஏத்திட்டு வந்த கதையாயிரும். கரையில பவளக் கல்லு பொறுக்கிற எண்ணம் இருந்தா அதையும் விடுங்க, பவளம் எடுக்கிறது சட்டப்படி தடை.

இப்படி மூனு நாலு வாரம் விட்டா டயட்டம் தானா மெலியும். போத்தல் டெஸ்ட்ல டைனோனு வந்தா கதையே வேற, தண்ணி மாத்துறத சுத்தமா நிப்பாட்டி, மூனு நாள் லைட்ட அணைச்சு டேங்க போர்வையால மூட வேண்டி வரும். அப்ப காத்துக் குமிழி விடுற ஏர் ஸ்டோன் ஒன்னும் கூட போட்டுக்கோங்க, ஹட்டன் 1,270 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கடல்மட்டத்த விட ஏழுல ஒரு பங்கு கம்மி, தண்ணியில கரையுற ஒட்சிசனும் அதே அளவு கம்மி. லைட் இல்லாத டேங்க்ல விடியக்காலையில மீன் மேல வந்து வாய் பிளக்குதானு பாக்கணும், பிளந்தா போர்வைய எடுத்துருங்க.