தோப்பை அடமானம் வைக்காதீர்கள், பாப்பாவின் நோட்டைப் பாருங்கள்

அண்ணா, போன சனிக்கிழமை நீங்களும் அக்காவும் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தபோது, கவலைப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. உங்களைப் போல இன்னும் பல வீடுகளில் இதே பேச்சு ஓடுவதால், பேர் போடாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

உங்கள் மகள் பாப்பாவுக்கு நீட்டில் மார்க் வரவில்லை. ஒரு மச்சான் கோயம்புத்தூரில் ரிப்பீட்டர் கோச்சிங் என்கிறார். இன்னொருவர் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்கிறார், அதற்குத் தென்னந்தோப்பை அடமானம் வைக்க வழியும் அவரே சொல்கிறார். வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பினாலும் இங்கே தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டராகப் பதிய முடியும் என்று அவர் சொன்னாரா? கடன் அவர் பேரில் இல்லை, உங்கள் பேரில்.

நாம் பேசிய ஒரு மணி நேரமும் பாப்பா வாயே திறக்கவில்லை. கிளம்பும்போதுதான் கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காட்டினாள். பருந்தின் இறக்கை, நுனி இறகுகள் கைவிரல் போல விரிந்து மேலே வளைந்திருக்கின்றன. அதன் கீழே ஒரு கணக்கு. இரண்டு தெர்மாகோல் கிளைடர், ஒன்றுக்கு மொட்டை நுனி, இன்னொன்றுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி மேல்நோக்கி ஒட்டிய நுனி, மாடியிலிருந்து பத்துப் பத்து தடவை விட்டு விழுந்த தூரத்தைக் காலடியால் அளந்திருக்கிறாள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசிய நாட்களைக் கோடு போட்டு அடித்துவிட்டு, ‘சேர்க்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை அண்ணா!

அவள் தொட்டிருப்பது பெரிய விஷயம். இறக்கைக்குக் கீழே அழுத்தம் கூடுதல், மேலே குறைவு, அதனால் நுனியில் காற்று கீழிருந்து மேலே சுருண்டு சுழலாகிறது, விமானத்தில் அதனால் எரிபொருள் வீணாகிறது. பருந்து இறகுகளை விரித்து அந்த ஒரு பெரிய சுழலைச் சின்னச் சின்னதாக உடைக்கிறது. 1970களில் நாசாவின் ரிச்சர்ட் விட்காம்ப் விமான இறக்கைக்கு நிமிர்ந்த நுனி வைப்பதை ஆராய்ந்தார், 1979-80இல் பெரிய விமானத்தில் பொருத்திப் பறந்து பார்த்தபோது சுமார் 6 சதவீதம் எரிபொருள் மிச்சமானது. இன்று ஏர்பஸ் ஏ320இல் நிமிர்ந்து நிற்கும் நுனி 2.4 மீட்டர் உயரம். ஆல்பட்ராஸ் பறவை தோள்மூட்டைப் பூட்டி மிதப்பதைப் பார்த்து, காற்று உலுக்கும்போது தானாக அசைந்து கொடுக்கும் நுனியுள்ள சிறு மாதிரி விமானத்தையும் ஏர்பஸ் 2019இல் காட்டியது.

அதற்காக ‘ஏரோநாட்டிக்கல்’ போர்டைப் பார்த்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கிவிடாதீர்கள். ஐஐடி, விண்வெளிப் படிப்புக்கான ஐஐஎஸ்டி பற்றி எல்லாரும் சொல்வார்கள், அதை விடுகிறேன். யாரும் சொல்லாதது சாதாரண மெக்கானிக்கல். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீமும் எழுதியிருக்கிறாள் அல்லவா, ரேங்க் ஒத்துவந்தால் அகத்தேத்தறை என்எஸ்எஸ் பொறியியல் கல்லூரி, அரசு உதவி பெறும் எய்டட் கல்லூரி, 1960லிருந்து நடக்கிறது, வீட்டுச் சோறு சாப்பிட்டு பஸ்ஸில் போய்வரலாம். அங்கே பாய்ம இயக்கவியலை, அதாவது காற்றும் நீரும் ஓடும் விதத்தைச் சொல்லும் பாடத்தை, பிடித்துக்கொள்ளட்டும். எக்ஸ்எஃப்எல்ஆர்5, ஓப்பன்ஃபோம் இரண்டும் காசில்லாத மென்பொருள்கள். கல்யாணப் பத்திரிகையில் செய்ததை அதில் செய்யலாம், நுனியை எத்தனை டிகிரி சாய்த்தால் காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவிசை எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போடலாம். நாலாம் வருஷம், எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வில் ஏரோஸ்பேஸ் தாள் எழுதட்டும். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு அது தடையில்லை. நல்ல ரேங்க் வந்தால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) எம்.டெக்., அங்கே 1942லிருந்து இந்தத் துறை இருக்கிறது. கேட் வழியாகப் போகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஒருவேளை விமானம் கைகூடாவிட்டாலும், கஞ்சிக்கோட்டில் சுற்றுகிறதே காற்றாலை, அதன் இறக்கை நுனியிலும் இதே சுழல்தான்.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். கணக்கு நிறைய, முதல் இரண்டு வருஷம் விமானமே கண்ணில் படாது. இதை அவளிடமே சொல்லுங்கள், சொன்ன பிறகும் அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

கல்லூரி ஆப்ஷன் கொடுக்கும் முன்னால் இன்னொரு தடவை வாருங்கள். மச்சான்மார் வேண்டாம், நீங்கள், அக்கா, பாப்பா மட்டும். அந்த இரண்டு கிளைடரையும் அவள் எடுத்து வரட்டும்.