நெஞ்சைத் திறக்காமல் வால்வு மாற்றலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒருமுறை மயங்கியும் விழுந்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வு மிகவும் சுருங்கிவிட்டதாம். தொடை வழியாக வால்வு வைக்கும் ‘டாவி’ செய்யலாம் என்கிறார்கள். மருந்திலேயே சமாளிக்க முடியாதா? பேஸ்மேக்கரும் தேவைப்படலாம் என்கிறார்களே, ஏன்?

பதில்: மருந்தால் முடியாது. சுண்ணாம்பு படிந்து இறுகிய வால்வு இதழ்களை எந்த மாத்திரையும் இளக்காது. நீர் பிரியும் மாத்திரை கொஞ்ச நாள் மூச்சுத்திணறலைக் குறைக்கும், அவ்வளவுதான். எக்கோ அறிக்கையைப் பாருங்கள்: வால்வின் திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே, வால்வுக்கு இருபுறமும் உள்ள சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசத்துக்கு மேலே என்றிருந்தால் சுருக்கம் தீவிரம். மயக்கமும் வந்துவிட்டதால் தள்ளிப்போடாதீர்கள்.

டாவியில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. மடித்த புது வால்வைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், பழைய இதழ்களை ஓரமாக ஒதுக்கி அங்கேயே விரிக்கிறோம். பலூனால் விரிக்கும் வகை என்றால், அந்தச் சில விநாடிகளுக்கு இதயத்தை நிமிடத்துக்கு 180 முறைக்குமேல் துடிக்க வைப்போம். அவ்வளவு வேகத்தில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவது வெகுவாகக் குறைந்துவிடும். இல்லாவிட்டால் ரத்தத்தின் வேகம் வால்வை இடம் தள்ளிவிடும்.

எதையும் நேரில் பார்த்து அளக்க முடியாததால்தான் சி.டி. ஸ்கேன் இவ்வளவு முக்கியம். புது வால்வு அளவில் சிறிதாகிப்போனால் ஓரத்தில் ரத்தம் கசியும், நழுவவும் கூடும். பெரிதாகிப்போனால் வால்வு வளையமே கிழியலாம், அது உயிருக்கே ஆபத்து. தொடைத் தமனியின் உள்விட்டம் 5, 6 மி.மீ.யாவது வேண்டும். இதயத் தமனிகளின் வாய் மிகவும் தாழ்வாக இருந்தால், ஒதுக்கிய இதழ் அதை அடைத்துவிடும். ஸ்கேனுக்குச் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கிரியாட்டினின் அளவை முன்பே சொல்லிவிடுங்கள்.

பேஸ்மேக்கர் விஷயத்துக்கு வருவோம். இதயத்தின் மின்பாதை இந்த வால்வுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. புது வால்வின் சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு தடைபடும். இ.சி.ஜி.யில் ஏற்கெனவே ‘வலது பண்டில் பிளாக்’ (மின்பாதையின் வலது கிளையில் தடை) இருந்தால் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். அதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தடை சில நாள் கழித்தும் வரலாம். வீடு திரும்பிய பிறகு தலைசுற்றலோ மயக்கமோ வந்தால், மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாதம், தொடையில் ரத்தக்கசிவு ஆகிய அபாயங்களும் உண்டு.

டாவியில் வைப்பது விலங்குத் திசுவால் ஆன வால்வு; அதுவும் காலப்போக்கில் தேயும். 60 வயதுக்காரர் என்றால் நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சையைத்தான் முதலில் யோசிப்பேன். 78 வயதில் இந்தத் தேய்மானம் பெரிய கவலையில்லை.

சொத்தைப் பல் இருந்தால் டாவிக்கு முன்பே சரிசெய்யுங்கள். பிற்பாடு பல் பிடுங்க நேர்ந்தால், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் அவசியம். டாவிக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் ஆஸ்பிரின் மட்டும் போதும்; அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மருந்து முதலில் போய்விட்டால், வால்வில் தொற்றிய கிருமி கல்ச்சரில் சிக்காமல் போகலாம்.